பூங்குழலி எப்படி அழுவாள்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலியை வைத்து முந்நூறு சொற்களில் ஒரு ரசிகர் புனைவு (பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதை) எழுதினேன். அவள் விரும்பிய சோழ இளவரசர் அருள்மொழிவர்மருக்கும் வானதிக்கும் திருமணம் என்று கேள்விப்பட்டதும் அவள் கோடிக்கரை மணலில் விழுந்து கதறுவதோடு கதை முடிகிறது. படித்தவர்களில் சிலர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். வேறு சிலர், “இவள் பூங்குழலியே அல்ல” என்றார்கள். அவளுக்கும் மனம் இருக்கிறதே, அழக்கூடாதா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக அழலாம். ஆனால் அவளுடைய துயரம் எந்த வழியில் வெளிப்படும் என்பதைக் கல்கி முன்பே காட்டிவிட்டார். இரண்டாம் பாகமான சுழற்காற்றின் தொடக்க அத்தியாயங்களை மறுபடியும் படித்துப் பாருங்கள். அமைதியான கடலில் தனியே படகில் இருந்தபடி, “அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்” என்று பாடுகிறாள். பிறகு, தன்னைப் பின்தொடர்ந்து வந்த வந்தியத்தேவனிடம், சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, அவைதாம் தன் காதலர்கள் என்கிறாள். கைக்கு எட்டாத ஒருவரை விரும்பும் வேதனையைப் பாட்டாகவும் பித்துப் பிடித்தவள் போன்ற பேச்சாகவும் திருப்பிவிடுவதே அவள் இயல்பு. மணலில் விழுந்து கதறும் பெண் யாராகவும் இருக்கலாம். பிசாசைக் காதலன் என்று சொல்லிச் சிரிக்கக்கூடியவள் பூங்குழலி ஒருத்திதான்.

குறுங்கதையில் இது இன்னும் முக்கியமாகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து ஐந்து பாகங்களாக நிறைந்த நாவலை மனத்தில் சுமந்துகொண்டுதான் வாசகர் உங்கள் முந்நூறு சொற்களுக்குள் நுழைகிறார். ஆகவே அவள் யார், யாரை விரும்பினாள் என்று விளக்கும் சுமை உங்களுக்கு இல்லை. அந்த இடம் முழுவதையும் ஒரே ஒரு கணத்துக்குக் கொடுக்கலாம். செய்தி கொண்டு வந்தவனிடம், “இன்றைக்குக் காற்று சரியில்லை, யாரும் கடலில் இறங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அவளே படகைத் தள்ளிக்கொண்டு போகட்டுமே! ‘துயரம்’ என்ற சொல்லே அங்கு வேண்டியிராது. கண் கலங்கியவர்களின் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் அதில் பெரும் பகுதி கல்கியின் பூங்குழலிக்காகச் சிந்தியது என்றே நினைக்கிறேன். உங்கள் வரிகளுக்காகவே ஒருவர் கலங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி: மூலத்தை ஒட்டியேதான் எழுத வேண்டும் என்றால் ரசிகர் புனைவு எதற்கு? என் கதையில் சோழர்களைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினி மனம் மாறிச் சோழ இளவரசி குந்தவையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இது தவறா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில், சாபம் நீங்கிய அகலிகை மீண்டும் கல்லாகிறாள். மூலத்தை அதற்கு மேல் எப்படி மீறுவது? ஆயினும் அது நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. தன்னை மன்னித்து வாழ்வு தந்தவன் என்று அவள் நம்பிய இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதை, அந்தச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். அதுவரை அவளைத் தாங்கி நின்ற நம்பிக்கை அங்கே முறிகிறது. அவள் உள்ளத்தை நன்கு அறிந்தவர் மட்டுமே அவளை அப்படி மாற்ற முடியும்.

உங்கள் நந்தினியிடம் அப்படி எது முறிந்தது? சோழர்களால் கொல்லப்பட்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் மீன் சின்னம் பொறித்த வாளைக் கையில் வைத்துப் பூசித்தவள் அவள். மன்னிப்புக் கேட்கும் வேளையில் அந்த வாள் எங்கே இருக்கிறது என்று உங்கள் கதை சொல்லவில்லை என்றால், மாற்றம் அவளுக்குள் நிகழவில்லை, எழுதுபவரின் விருப்பத்தில் மட்டுமே நிகழ்ந்திருக்கிறது. இன்னொன்றையும் கருதுங்கள். பழையாறையில் சிறுமியாக இருந்தபோது குந்தவையால் ஒதுக்கப்பட்ட காயம் நந்தினிக்கு உண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இளைய பிராட்டி குந்தவையாகவும் இருக்கலாம் அல்லவா? எனக்கென்னவோ அந்தக் கதையைப் படிக்கத்தான் அதிக ஆவலாக இருக்கிறது.

கேள்வி: வந்தியத்தேவனுக்கு நானே ஒரு தங்கையைப் படைத்து எழுதலாமா?
– வாசகி, மதுரை

பதில்: எழுதலாம். ஆனால் அவள் வந்ததும் மற்ற எல்லோரும் அறிவிழந்துவிடக் கூடாது. ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களிடையே இந்தப் பழக்கம் மிகுந்திருந்ததால், 1973-இல் பவுலா ஸ்மித் என்பவர், பதினைந்தரை வயதிலேயே விண்கல அதிகாரியாகி எல்லோரையும் வியக்கவைக்கும் ‘மேரி சூ’ என்ற பெண்ணைப் படைத்துக் கேலிக்கதை எழுதினார். அத்தகைய பாத்திரங்களுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. உங்கள் தங்கை ஒரு காரியத்திலாவது தோற்கட்டும். அண்ணனின் அவசரபுத்தியில் கொஞ்சம் அவளுக்கும் இருக்கட்டும்.