முத்தம்மா போட்ட கேஸ்

கேள்வி: அக்கா, நாங்க ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை பாக்குறவங்க. பொண்ணு சேலத்துல காலேஜ் ரெண்டாவது வருஷம், வெளிநாட்டுல நம்ம தூதரகத்துல வேலை பாக்குற ஃபாரின் சர்வீஸ் பரீட்சை எழுதியே தீருவேன்னு நிக்கிறா. நாடு நாடா மாத்துற வேலை, கல்யாணம் ஆனா பொம்பளப்புள்ளைக்கு ஒத்து வராதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. என்ன பண்றதுங்க?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, இதே பேச்சைத்தான் 1948-ல இந்தப் பரீட்சைய நடத்துற யு.பி.எஸ்.சி.யோட இண்டர்வியூ போர்டே ஒரு பொண்ணுகிட்ட பேசுச்சு. பேரு சி.பி. முத்தம்மா, குடகுல விராஜ்பேட்டைக்காரங்க, அதுவும் உங்க மலை மாதிரி காபி விளையற மண்ணுதான். ஒன்பது வயசுல அப்பா போயிட்டாரு, அம்மா வளர்ப்புதான், அப்புறம் சென்னையில விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ், பிரசிடென்சின்னு படிச்சு அந்தப் பரீட்சையில பாஸான முதல் பொண்ணு இவங்கதான். ஃபாரின் சர்வீஸ் மட்டும் வேணாம்மான்னு போர்டு சொல்லியும் அசரல, 1949-ல சேந்துட்டாங்க. ஆனா கல்யாணம் பண்ணா ராஜினாமா பண்றேன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க! ஆம்பள ஆபீசருங்ககிட்ட யாரும் அப்படி கேக்கல, நினைச்சா இப்பவும் எனக்கு கோவம் வருது.

பாரிஸ்ல ஆரம்பிச்சு, 1970-ல ஹங்கேரிக்கு தூதரா போனாங்க, சர்வீஸ்ல இருந்து தூதரான முதல் பெண். அப்புறம் கானா, நெதர்லாந்து. இவ்வளவு பண்ணவங்களுக்கே மேல் கிரேடு பிரமோஷன் தராம தள்ளிவிட்டாங்க. சும்மா இருக்கல, சுப்ரீம் கோர்ட்டுக்கு போயிட்டாங்க. பொம்பள ஆபீசர் கல்யாணத்துக்கு கவர்மெண்ட்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கணும், கல்யாணமானவங்களுக்கு இந்த வேலை உரிமையே இல்லன்னு இருந்த ரூல்ஸ் எல்லாத்தையும் கோர்ட்டுல இழுத்து வெச்சாங்க. கேஸ் நடக்கும்போதே அவசரமா பிரமோஷன் வந்துடுச்சு, அதனால மனு தள்ளுபடிதான், ஆனா 1979-ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்புல, ஆண் பெண் பாகுபாடு காட்டுற சர்வீஸ் ரூல்ஸ் பூராவையும் திருத்துங்க, இவங்க சீனியாரிட்டியையும் மறுபடி பாருங்கன்னு கவர்மெண்ட்டுக்கு சொல்லிட்டாரு. 1982-ல ரிட்டயர் ஆனாங்க.

அதுக்கப்புறம் சொக்கிலா ஐயர், நிருபமா ராவ், சுஜாதா சிங்னு மூணு பெண்கள் வெளியுறவுச் செயலரே ஆயிட்டாங்க. மாத்தல் கஷ்டம்தான், இல்லன்னு சொல்லமாட்டேன், ஆனா அது ஆம்பள ஆபீசர் குடும்பத்துக்கும் அதே கஷ்டம்தான். பொண்ணை தடுக்காதீங்க.

கேள்வி: இந்த ஃபாரின் சர்வீஸ் பரீட்சைய தமிழ்ல எழுத முடியுமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமா. ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். (ஃபாரின் சர்வீஸ்) ரெண்டுக்கும் ஒரே பரீட்சைதான், மார்க்கையும் நாம குடுக்குற விருப்ப வரிசையையும் வெச்சு சர்வீஸ் கிடைக்கும். முதல்கட்டத் தேர்வுல கேள்வி இங்கிலீஷ், இந்தியில மட்டும்தான் வரும், ஆனா அடுத்த கட்டமான மெயின்ஸ் தமிழ்ல எழுதலாம், இண்டர்வியூவும் தமிழ்ல பேசலாம். மெயின்ஸ்ல கட்டாய இங்கிலீஷ் பேப்பர் ஒண்ணு 300 மார்க்குக்கு இருக்கு, அதுல 25 சதவீதம் எடுக்கலைன்னா மத்த பேப்பரையும் திருத்த மாட்டாங்க, அதனால கட்டுரை, சுருக்கி எழுதுறது ரெண்டையும் இப்பவே தினமும் எழுதிப் பழகச் சொல்லுங்க.