வாங்கினது சரியா? டிவிடி கேள்விகள்

கேள்வி: மகள் கல்யாண வீடியோவை வீடியோக்காரர் லிங்காக அனுப்பினார். அதை இறக்கி, ஆற்காடு பஜாரில் 600 ரூபாய் கொடுத்து டிவிடி போட்டேன். கம்ப்யூட்டரில் ஓடுகிறது, சம்பந்தி வீட்டு பிளேயரில் ஓடவில்லை. ‘உங்க பிளேயர் பழசு’ என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, ஆற்காடு

பதில்: பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் டிஸ்க்கைப் பார்ப்போம் அம்மா. கம்ப்யூட்டரில் திறங்கள். ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரும், உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களும் இருக்க வேண்டும். வெறும் எம்பி4 (கம்ப்யூட்டர், போனில் ஓடும் வீடியோ ஃபைல்) மட்டும் இருந்தால் அவர் செய்தது காப்பி வேலை, வாங்கியது டிவிடி வடிவத்துக்கு மாற்றும் கன்வெர்ட் கூலி. ஒழுங்காகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையேல் காசைக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. பில் கையில் இருக்கிறதா?

கேள்வி: வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் இலவச கன்வெர்ட்டர் மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட்டினேன். படத்தின் நடுவே கம்பெனி பெயர் நிற்கிறது. மோசடிதானே?
– ராணிப்பேட்டை

பதில்: இல்லை. ‘ட்ரையல்’ என்று போட்டிருந்ததைப் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கியிருக்கிறீர்கள். அரை நிமிடத் துண்டை மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேள்வி: குடியாத்தம் சிரசுத் திருவிழாவைத் தம்பி போனில் எடுத்தான். எம்பி4-ஐ ஏவிஐ ஆக்கி, அதை எம்பெக் ஆக்கி டிவிடி போட்டேன். படம் மங்கல், மேளச் சத்தம் அடிக்குப் பிறகு வருகிறது. நல்ல கன்வெர்ட்டர் எதை வாங்கலாம்?
– பேரணாம்பட்டு

பதில்: எதையும் வாங்காதீர்கள். இந்தக் கன்வெர்ட்டர் வியாபாரத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் கொஞ்சம் கெடும். நீங்கள் இரண்டு தடவை கெடுத்துவிட்டு மூன்றாவதுக்குக் காசு கொடுக்கப் பார்க்கிறீர்கள். டிவிடிக்கு வேண்டியது எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம். நம்மூர் டிவி முறையான ‘பால்’ (PAL) முறையில் படம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் மூல எம்பி4-ஐ நேராகப் போட்டாலே அது இத்தனையையும் செய்துவிடும். நடுவில் ஏவிஐ எதற்கு? ‘லைஃப்டைம் லைசென்ஸ்’ விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். நானும் அப்படி ஒன்று வாங்கினேன்; அடுத்த பதிப்பு வந்ததும் அதன் லைஃப்டைம் முடிந்தது! மேளம் விலகியதற்குப் பெரும்பாலும் போன்தான் காரணம், அதன் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. அதற்கு மட்டும் முதலில் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற மென்பொருளில் ஃபிரேம் வேகம் 25, ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து, தரத்தைக் குறைக்காமல் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இலவசம்தான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் படத்தை விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் டிவிடியில் தெளிவாக்குமா?
– ஆரணி

பதில்: ஆக்காது.

கேள்வி: நான்கு மணி நேர வீடியோ, ஃபைல் 2 ஜிபிதான். 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றே போதுமல்லவா?
– சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: எம்பி4-இன் அளவை மறந்துவிடுங்கள். எம்பெக்-2 அதிக இடம் கேட்கும். கணக்கு நேரத்தை வைத்துத்தான். ஒரு டிஸ்க்குக்கு 2 மணி நேரம் என்றால் படம் பார்க்கும்படி இருக்கும், ஆகவே இரண்டு டிஸ்க். ‘கட்டு விலை’ என்று வெற்று டிஸ்க்கை அள்ளாதீர்கள். நான் அள்ளியதில் பாதியை எந்த பிளேயரும் படிக்கவில்லை. எழுதும் வேகத்தைக் குறைத்து வையுங்கள், அப்புறம் ‘ஃபைனலைஸ்’ (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து மூடுவது) செய்ய மறக்காதீர்கள்.