பத்து மணிக்கு மேல் கலங்கும் பூநாரைப் படங்கள்

லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் காலை பத்து மணிக்கு மேல், 600 மி.மீ. லென்ஸில், இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரைகள் கலங்கித் தெரிகின்றன என்றால் பெரும்பாலும் குற்றவாளி கானல்தான். மாசி, பங்குனி வெயிலில் தார்ச்சாலையும் காய்ந்த சேறும் சூடேறி, மேலே உள்ள காற்று நெளிகிறது. உங்கள் லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வரை ஏற்றினாலும் இது முழுமையாகப் போகாது.

சோதனை எளிது. அசையாமல் நிற்கும் ஒரு பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். அலகின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு படத்தில் நேராகவும் அடுத்ததில் நெளிந்தும் இருந்தால் காற்றுதான். பத்திலும் ஒரே மாதிரி மங்கலா? அப்போது லென்ஸைச் சந்தேகிக்கலாம். அதற்கும் முன்னால் லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் மலிவு யு.வி. ஃபில்டர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஏ.சி. ஓடும் காரின் ஜன்னல் வழியே எடுத்தாலும் இதே கோளாறு வரும். நான் ஒரு பருவம் முழுவதையும் அப்படித்தான் வீணடித்தேன்.

காலை ஆறரை மணிக்குப் போய் நில்லுங்கள். கானல் பெரும்பாலும் இருக்காது; ஒளியும் மென்மையாக இருக்கும். நீண்ட அலகுள்ள வலசைப் பறவைகளான கருவால் மூக்கன்களின் இறகுகள் செம்பழுப்புக்கு மாறத் தொடங்கும் மாதங்களும் இவைதான்.

ஒன்று: நெருக்கத்துக்காகச் சேற்றில் இறங்காதீர்கள். வலசை திரும்பும் முன் பறவைகள் உடம்பில் கொழுப்பு சேர்க்கும் நாட்கள் இவை. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது.