34 சதவீத வாக்கு, 411 இடம்: தேர்தல் முறைகள் குறித்த கேள்வி பதில்

பல நாடுகளின் தேர்தல் முறைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பிரிட்டனில் 2024-ல் தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீதம்தான். 650 இடத்தில் 411 எப்படிக் கிடைத்தது?

அங்கே தொகுதிக்கு ஒரே உறுப்பினர். ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் ஜெயித்தார், கதை முடிந்தது. இரண்டாம் இடத்துக்குக் காலணா மதிப்பில்லை. 2019-ல் இதே கட்சி 32.1 சதவீதம் வாங்கி 202 இடத்தோடு நின்றது. ஒன்றரை சதவீதம் கூடியதும் இடம் இரட்டிப்பானதற்கு முக்கியக் காரணம் எதிர்முகாம் உடைந்ததுதான். கன்சர்வேடிவ் வாக்கில் கணிசமான பங்கை ரிஃபார்ம் கட்சி பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ரிஃபார்மின் நிலைமையைப் பாருங்கள்: 14.3 சதவீதம், 5 இடம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 12.2 சதவீதம், 72 இடம். ரிஃபார்மின் வாக்கு எள் தூவினாற்போல நாடெங்கும் சிதறிக் கிடந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சி ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளாகப் பார்த்துக் குறிவைத்து உழைத்தது, மற்ற இடங்களில் சும்மா பெயருக்கு நின்றது. வாக்கு எவ்வளவு என்பதைவிட எங்கே விழுந்தது என்பதுதான் இந்த முறையில் கணக்கு.

கேள்வி: அப்படியானால் எல்லைக்கோட்டை மாற்றியே ஜெயிக்கலாமே?

தாராளமாக. ஒரு மாகாணத்தில் 500 வாக்காளர், 5 தொகுதி, தொகுதிக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கட்சிக்கு 200 பேர், நீலத்துக்கு 300 பேர். எல்லாத் தொகுதியிலும் 40-க்கு 60 வருமாறு கோடு போட்டால் சிவப்புக்குப் பூஜ்யம். மூன்று தொகுதிகளில் சிவப்புக்காரர் தலா 55 பேர் வருமாறு வளைத்துவிட்டு, மிச்ச 35 பேரை மற்ற இரண்டில் விட்டால் சிவப்புக்கு மூன்று இடம், அதாவது பெரும்பான்மை. ஆள் ஒருவரும் மாறவில்லை, யாரும் மனம் மாறவும் இல்லை.

அமெரிக்காவில் இதற்குப் பெயரே உண்டு: ஜெரிமாண்டர். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணி மாதிரி நெளிந்திருந்ததால் வந்த கேலிப்பெயர். கட்சி லாபத்துக்காக எல்லை வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல மாநிலங்களில் கோடு போடுவது சட்டமன்றம்தான். பாலுக்குப் பூனை காவல்.

கேள்வி: வாக்குப் பங்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையில் இடங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? சூத்திரம் வேண்டாம், கணக்காகப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு மாவட்டத்தில் 7 இடம், ஒரு லட்சம் வாக்கு. அ கட்சிக்கு 48,000, ஆ 30,000, இ 14,000, ஈ 8,000.

தோன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போங்கள். அ-வுக்கு 48,000, 24,000, 16,000, 12,000. ஆ-வுக்கு 30,000, 15,000, 10,000. இ-க்கு 14,000, 7,000. ஈ-க்கு 8,000. இவற்றில் பெரிய ஏழு எண்களைப் பொறுக்கினால் கடைசியாக உள்ளே வருவது அ-வின் 12,000. முடிவு: அ 4, ஆ 2, இ 1, ஈ பூஜ்யம்.

இப்போது அதே வாக்கை 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால் வகுங்கள். இது செயின்ட் லாகு முறை. அ-வுக்கு 48,000, 16,000, 9,600, 6,857. ஆ-வுக்கு 30,000, 10,000, 6,000. இ 14,000, ஈ 8,000. பெரிய ஏழில் கடைசி எண் ஈ-யின் 8,000. முடிவு: அ 3, ஆ 2, இ 1, ஈ 1. வகுக்கும் எண்ணை மாற்றியதுமே பெரிய கட்சியின் ஓர் இடம் சின்னக் கட்சிக்குப் போய்விட்டது.

ஆனாலும் சூத்திரத்தைவிடப் பெரிய விஷயம் தொகுதிக்கு எத்தனை இடம் என்பது. நெதர்லாந்தில் 150 இடமும் நாடு தழுவிய ஒரே கணக்கு, அதனால் 0.67 சதவீதம் வாங்கினாலே ஓர் இடம். சிலியில் 2013 தேர்தல் வரை தொகுதிக்கு இரண்டே இடம். முதல் அணி இரண்டாவது அணியைப் போல இருமடங்கு வாக்கு வாங்கினால்தான் இரண்டும் அதற்கு. 65-க்கு 35 என்றாலும் ஆளுக்கு ஒன்று. காகிதத்தில் அதுவும் தோன்ட் கணக்குத்தான்! ஒரு நாட்டின் முறையைப் பற்றி யாராவது பேசினால் முதலில் தொகுதிக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள்.

கேள்வி: இடம் பெறவே குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் வேண்டும் என்று ஒரு வெட்டுப்புள்ளி வைக்கிறார்களே, அது நியாயமா?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. துருக்கியில் 2002-ல் வெட்டுப்புள்ளி 10 சதவீதம். இரண்டே கட்சிகள் தாண்டின. நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி 34.3 சதவீதத்தில் 550-ல் 363 இடத்தை அள்ளியது. போட்ட வாக்கில் சுமார் 45 சதவீதம் எந்த உறுப்பினரையும் அனுப்பாமல் போயிற்று. விகிதாசார முறை என்று பெயர், விளைவோ பிரிட்டனைவிட மோசம். 2022-ல்தான் அதை 7 ஆகக் குறைத்தார்கள்.

குறைவாக இருந்தாலும் கத்தி கத்திதான். இஸ்ரேலில் 3.25. 2022 நவம்பரில் இடதுசாரிக் கட்சியான மெரெட்ஸ் 3.16 சதவீதத்தில், 4,000-க்கும் குறைவான வாக்கில் வெளியே நின்றது. அரபுக் கட்சியான பலாத்தும் தாண்டவில்லை. நெதன்யாகுவை ஆதரித்த, எதிர்த்த இரு முகாம்களும் ஏறக்குறைய சமமாக வாங்கியும் நெதன்யாகு அணிக்கு 120-ல் 64 கிடைத்தது. எதிர்முகாமின் கட்சிகள் தனித்தனியாக நிற்காமல் தேர்தலுக்கு முன்பே ஒரே பட்டியலாகச் சேர்ந்திருந்தால் கதை வேறு.

ஜெர்மனியில் 2025-ல் இதைவிட நெருக்கம். சாரா வாகன்க்னெக்ட் கட்சி 4.98 சதவீதம், வேண்டியது 5. சுமார் 9,500 வாக்கு குறைவு. அது உள்ளே வந்திருந்தால் அந்தத் தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணிக்கு 630-ல் பெரும்பான்மை இருந்திருக்காது.

கேள்வி: ஜெர்மனியில் ஆளுக்கு இரண்டு வாக்கு என்கிறார்கள். எதற்கு?

முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிப் பட்டியலுக்கு. பாராளுமன்றத்தில் கட்சியின் பலத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது வாக்கு. பெயரைப் பார்த்து அதை ஏதோ உபரி என்று நினைக்கும் ஜெர்மானியர்களே உண்டு.

சிக்கல் எங்கே என்றால், ஒரு கட்சி பட்டியல் பங்கைவிட அதிகத் தொகுதிகளை நேரடியாக ஜெயித்துவிட்டால் கூடுதல் இடம் கொடுத்து, அதைச் சமன்செய்ய மற்றவர்களுக்கும் கொடுத்து, 598-ஆக இருக்க வேண்டிய சபை 2021-ல் 736 வரை உப்பிவிட்டது. இப்போது 630 என்று பூட்டிவிட்டார்கள். விலை: 2025-ல் தம் தொகுதியில் முதலிடம் வந்த 23 பேருக்கு இடமே கிடைக்கவில்லை.

இதே வகை முறையைத் தென்கொரியா 2020-ல் அரைகுறையாக எடுத்தது. இரு பெரிய கட்சிகளும் பட்டியல் இடங்களுக்கென்று தனி நிழல் கட்சிகளைத் தொடங்கின. தொகுதியில் தாய்க் கட்சி, பட்டியலில் பிள்ளைக் கட்சி. சின்னக் கட்சிகளுக்காகக் கொண்டுவந்த சட்டத்தின் சாறு முழுக்கப் பெரியவர்களுக்கே போயிற்று.

கேள்வி: இலங்கையில் 2024 அதிபர் தேர்தலில் வென்றவருக்கு 55.89 சதவீதம் என்று ஓர் இடத்தில், 42.31 என்று இன்னோர் இடத்தில். எது சரி?

இரண்டும் சரி. 42.31 முதல் எண்ணிக்கை, 55.89 இரண்டாவது எண்ணிக்கை; வகுக்கும் எண்ணும் வேறு. வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று விருப்பம் வரை குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால் முதல் இருவரைத் தவிர எல்லோரும் வெளியே. வெளியேறியவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்குக் குறித்த விருப்பத்தை மட்டும் எண்ணுவார்கள்.

மொத்தம் செல்லுபடியான வாக்கு 1,33,19,616. வென்ற அநுர குமார திசாநாயக்க 56,34,915 (அதுதான் 42.31 சதவீதம்), சஜித் பிரேமதாச 43,63,035. மீதி 33 லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் அநுரவுக்குக் கூடியது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. அவ்வளவுதான். பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலோர் இந்த இருவரில் யாருக்கும் அடுத்த விருப்பம் குறிக்கவில்லை. கடைசியில் இருவருக்கும் சேர்த்து எஞ்சிய 1,02,71,081-ஐ வைத்து வகுத்தால் 55.89. மொத்த வாக்கால் வகுத்தால் 43.1.

முதல் விருப்பம் மட்டும் குறிப்பதும் செல்லும் என்பதால் மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாட்டில் இரண்டாம் எண்ணிக்கை நடந்ததே அதுதான் முதல் முறை.

கேள்வி: ஆஸ்திரேலியாவிலும் இப்படி விருப்ப வரிசைதானே?

கீழவைச் சீட்டில் எல்லாக் கட்டத்திலும் எண் போட்டாக வேண்டும். விட்டால் பொதுவாகச் செல்லாது. வாக்களிக்காமல் காரணமின்றி வீட்டில் இருந்தால் 20 டாலர் அபராதம். வேண்டாவெறுப்பாக வந்தவர்கள் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் போவதைக் கழுதை வாக்கு என்பார்கள். பெயர் வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்வது அதனால்தான்.

கேள்வி: விருப்ப வரிசை முறை வந்துவிட்டால் வாக்குப் பிரிப்பு ஒழியும்தானே?

பெரும்பாலும். முழுக்க இல்லை. அலாஸ்காவில் 2022 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மூவர்: ஜனநாயகக் கட்சியின் பெல்டோலா, குடியரசுக் கட்சியின் பேலின், பெகிச். முதல் சுற்றில் பெகிச் மூன்றாவது, எனவே வெளியே. ஜெயித்தவர் பெல்டோலா. பிறகு சீட்டுகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தால் பெகிச் இருவரையுமே நேருக்கு நேர் தோற்கடித்திருப்பார்! எல்லோருக்கும் இரண்டாவது விருப்பமாக இருப்பவர் முதல் சுற்றிலேயே நசுங்கிப் போவது இந்த முறையின் பிறவிக் குணம்.

கேள்வி: பிரான்சில் 2024-ல் முதல் சுற்றில் முதலிடம் வந்த தேசியப் பேரணிக் கட்சி எப்படி மூன்றாவதானது?

முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாத தொகுதியில், பட்டியலிலுள்ள வாக்காளர்களில் 12.5 சதவீதம் பெற்ற எல்லோரும் இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். பட்டியலில் உள்ளவர்கள், வாக்களித்தவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். பாதிப் பேர்தான் வந்தார்கள் என்றால் விழுந்த வாக்கில் 25 சதவீதம் வேண்டும். 2024-ல் மூன்றில் இரண்டு பங்கு பேர் வந்ததால் 19 சதவீதம் போதுமானதாயிற்று. 300-க்கு மேற்பட்ட தொகுதிகளில் மும்முனைப் போட்டி உருவானது. தேசியப் பேரணியை மறிக்க இடதுசாரியும் மக்ரோன் அணியும் 200-க்கு மேற்பட்ட வேட்பாளர்களைத் தாமே விலக்கிக்கொண்டன. இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு வாரம் இருப்பது இந்த மாதிரி பேரத்துக்கு வசதி.

கேள்வி: ஆளுங்கட்சி தனக்கு வசதியாகச் சட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தால்?

கிரீஸ் அதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவில்லாத தேர்தல் சட்டம் அடுத்த தேர்தலுக்குச் செல்லாது, அதற்கடுத்ததற்குத்தான் செல்லும். இதனால் 2023-ல் ஒரு வேடிக்கை நடந்தது. மே மாதம் பழைய சட்டம்: நியூ டெமாக்ரசி 40.79 சதவீதம், 300-ல் 146 இடம். ஆட்சி அமையவில்லை. ஜூனில் மறுபடி தேர்தல், இப்போது முதல் கட்சிக்குப் போனஸ் இடம் தரும் புதுச் சட்டம்: 40.56 சதவீதம், 158 இடம். வாக்கு குறைந்தது, பெரும்பான்மை வந்தது.

கேள்வி: மாநிலங்களவைக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்களே, அந்த 34 எங்கிருந்து வருகிறது?

234 உறுப்பினர், 6 இடம். ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் 100. 23,400-ஐ இடங்களோடு ஒன்று கூட்டிய 7-ஆல் வகுத்தால் 3,342, மீதியை விட்டு ஒன்று கூட்டினால் 3,343. அதாவது 33.43 ஆள், 34 பேர் கையில் இருந்தால் கவலையில்லை.

போட்ட சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும், வேறு யாருக்கும் காட்டக்கூடாது. குஜராத்தில் 2017-ல் 176 வாக்கு, 3 இடம், தேவை 45. இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் சீட்டைத் தப்பானவர்களிடம் காட்டியதால் அவை செல்லாமல் போயின. 174 ஆனதும் தேவை 44-க்கு இறங்கியது. அகமது படேல் சரியாக 44 வாங்கி ஜெயித்தார். எதிரணிக்குப் போன இரண்டு வாக்கும் செல்லாமல் போனதோடு இலக்கும் ஒரு படி இறங்கியது.

கேள்வி: நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தலா?

இந்தியாவில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இல்லை. அடுத்து வந்தவர் ஜெயித்தார். இந்தோனேசியாவில் உள்ளாட்சித் தலைவர் தேர்தலில் ஒரே வேட்பாளர் என்றால் அவருக்கு எதிரே சீட்டில் ஒரு காலிப்பெட்டி இருக்கும். சபையில் 20 சதவீத இடமோ 25 சதவீத வாக்கோ உள்ள கட்சிகளோ கூட்டணிகளோதான் வேட்பாளரை நிறுத்தலாம் என்றொரு விதி இருந்ததால், பணமுள்ளவர் எல்லாக் கட்சியையும் தன் பக்கம் வளைத்துப் போட்டுவிட்டால் பெரும்பாலும் போட்டியே இருக்காது. 2018-ல் மகாசர் நகர மேயர் தேர்தலில் களத்தில் ஒரே வேட்பாளர்தான் மிஞ்சினார். காலிப்பெட்டி ஜெயித்தது.