வீட்டுக்குள் எடுக்கும் படம் ஏன் கலங்குகிறது?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. சாயங்காலம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவன் விளையாடுவதைப் போனில் எடுத்தால் முகம் கலங்கி, மெழுகினமாதிரி வருகிறது. பகலில் ஜன்னலோரம் நிறுத்தி எடுத்தால் முகமே கறுத்துவிடுகிறது. போன் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வெளிச்சம்தான். அதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். ட்யூப்லைட் எரியும் வீட்டு அறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்கூடத் தேறாது. நம் கண் உடனே பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. போன் என்ன செய்யும்? கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ள 1/30 நொடி, சில சமயம் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பையன் தலையைத் திருப்பிவிடுவான். ஓடியாடும் குழந்தை கலங்காமல் விழ 1/250 நொடிக்குள் படம் எடுத்து முடிய வேண்டும். வெளிச்சம் போதாதபோது படத்தில் புள்ளி புள்ளியாகக் கறைகளும் சேரும், இதை இரைச்சல் (நாய்ஸ்) என்பார்கள். அதைப் போனின் மென்பொருள் தேய்த்து அழிக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. நீங்கள் பார்க்கும் மெழுகு அதுதான்.

நைட் மோடு இதற்கு உதவாது. அது சில நொடிகளில் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கோபுரத்துக்கு அருமை, 3 வயதுப் பையனுக்கு ஆகாது. ஃபிளாஷ் போட்டால் முகம் தட்டையாகிவிடும், பின்னால் எல்லாம் இருட்டாகிவிடும்.

அதனால் விளையாட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். அங்கே நீங்கள் செய்தது சரியான இடம், தவறான திசை. பையனுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், போன் அந்தப் பிரகாசத்துக்கு ஏற்ப அளவெடுத்து முகத்தை இருட்டாக்கிவிடும். அவன் முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், நீங்கள் ஜன்னலை ஒட்டி ஒரு பக்கமாக உட்காருங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் மெல்லிய நிழலிலும் இருந்தால் முகத்துக்கு உருண்டையான வடிவம் வரும். எனக்கு மிகவும் பிடித்த வெளிச்சம் இதுதான். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் அவன் இருக்க வேண்டும், தள்ளிப்போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறையும். வெயில் நேராக விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள். அப்புறம், ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் தெரியும்.

திண்ணையோ தாழ்வாரமோ வாசல்படியோ இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் சூரியன் சட்டென்று உச்சிக்கு ஏறிவிடுகிறது, காலை 8 மணிக்கு மேல் வெயிலில் இதமே இருக்காது. ஆனால் கூரை நிழலில், வெளிப்பக்கம் பார்த்து உட்காரவைத்தால் மதியம்கூட நல்ல படம் கிடைக்கும். வெட்டவெளியில் நிறுத்தினால் கண்குழிகளில் கறுப்பு நிழல் விழும்.

எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். திரையில் அவன் முகத்தைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே நகர்த்தினால் படம் வெளுக்கும், கீழே நகர்த்தினால் இருளும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் போன் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், கொஞ்சம் மேலே நகர்த்துங்கள். ப்யூட்டி மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள். குழந்தையின் மாநிறத்தை வெளுக்க வைக்கும் எந்த வசதியும் நமக்கு வேண்டாம்.

முகத்துக்கு ஒரு அடி பக்கத்தில் போனைக் கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். நாலைந்து அடி தள்ளி, தரையில் உட்கார்ந்து, அவன் கண் உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, சாயங்காலம்தான் முடியும் என்றால்? விளக்குக்கு நேர் கீழே வேண்டாம், கொஞ்சம் தள்ளி, முகம் விளக்கைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள். கட்டைகளை அடுக்கும்போது, படப்புத்தகம் பார்க்கும்போது அவன் ஒரு கணம் அசையாமல் இருப்பான். அந்த நேரத்தில் பர்ஸ்டில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரவு விளையாட்டைத்தான் எடுக்க ஆசை என்றால், அப்போது கேமரா வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடவே வரும் 18–55 எம்எம் ஜூம் லென்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அதில் 55 பக்கம் போனால் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 5.6 தான்; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். 50 எம்எம் விலை குறைவு என்று கடைக்காரர் அதைத்தான் காட்டுவார். ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் அது காட்டும் பரப்பு நம் சின்ன அறைகளுக்குக் குறுகலாகிவிடும், பின்னால் நகர்ந்தால் சுவரில் முதுகு இடித்துவிடும். 35 எம்எம் எஃப் 1.8 கேளுங்கள்.