காட்டில் சூப்பர்வைசர் இல்லையாமே?

கேள்வி: ஓசூரில் எங்கள் குடும்பம் நடத்தும் மெஷினிங் யூனிட்டில் 70 பேர் வேலை செய்கிறார்கள். அப்பாவின் பொறுப்பை இப்போது நான் பார்க்கிறேன். அவருக்குச் சத்தம் ஆகாது. யாராவது வாக்குவாதம் செய்தால் உடனே கேபினுக்குக் கூப்பிட்டுச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார். சண்டையே வராத கம்பெனி என்று எங்களுக்குப் பெயர். சமீபத்தில் ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. டூல் தேய்ந்து அளவு மாறுவது மூன்று ஆபரேட்டர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு ஒரு பயிற்சியாளரை அழைத்தோம். "கம்பெனி காடு மாதிரி இருக்க வேண்டும். காட்டில் சூப்பர்வைசர் கிடையாது, பலவீனமானது தானாக விழுந்துவிடும்" என்கிறார். ஒவ்வொரு குழுவும் தானே முடிவெடுக்கட்டும், வருடா வருடம் வரிசையில் கடைசியாக வரும் ஏழு பேரை அனுப்பிவிடுங்கள் என்பது அவர் யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது, செய்யத்தான் பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். காட்டிடம் ஒரு கம்பெனி கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியாளர் சொல்லும் காடு அவருடைய ஸ்லைடில் மட்டும்தான் வளர்கிறது.

ஏழு பேர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்ற மரபியலாளர் முட்டைக் கோழிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். 1996இல் வெளியானது. அதிகமாக முட்டையிடும் கோழியைத் தேர்ந்தெடுத்து அதன் வம்சத்தைப் பெருக்குவதுதான் வழக்கம். ஆனால் ஒரே கூண்டில் பல கோழிகள் இருக்கும்போது, முதலிடம் பிடிக்கும் கோழி பக்கத்துக் கோழிகளைக் கொத்திக் கொத்தியே அந்த இடத்துக்கு வந்திருக்கலாம். அதனால் மியூர் தனிக் கோழியைப் பார்க்காமல், நல்ல விளைச்சல் தந்த கூண்டை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். சில தலைமுறைகளிலேயே கோழிகள் சாவது வெகுவாகக் குறைந்தது, முட்டையும் கூடியது. மனிதர்களிடமும் இதைப் பார்த்தாகிவிட்டது. ஊழியர்களை இப்படி வரிசைப்படுத்தும் முறையைப் பல வருடம் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் 2013இல் அதைக் கைவிட்டது. உங்கள் யூனிட்டில் இந்த ஏழு பேர் கணக்கு வந்தால், அனுபவமுள்ள ஆபரேட்டர் புதிதாக வந்த பையனுக்கு செட்டிங் சொல்லித் தருவாரா? அவன் தேறிவிட்டால் கடைசி ஏழில் இவர் வந்துவிடுவாரே.

அடுத்தது, சூப்பர்வைசர் இல்லாத காடு. ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் 1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் ஒரு வேலை செய்தார். ஒரு பகுதியிலிருந்த நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலுக்குள் வீசிக்கொண்டே இருந்தார். நட்சத்திர மீன் மட்டிகளைத் தின்னும். அது இல்லாமல் போனதும் மட்டிகள் பாறையை அடைத்துக்கொண்டன. அங்கே வாழ்ந்த 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கிவிட்டன. யாரும் அதிகாரம் செய்யாத இடம் என்று நாம் நினைக்கும் பாறையில், ஒருவரே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க ஓர் ஆள் இருந்திருக்கிறது.

உங்கள் யூனிட்டில் மட்டி எது? நான் பார்த்தவரை இதுபோன்ற இடங்களில் அது உற்பத்தி எண்ணிக்கைதான். "இன்றைக்கு எத்தனை பீஸ்?" என்ற கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளிவிடும். அதைத் தடுக்க வேண்டியவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. உற்பத்தி மேலாளருக்குக் கீழே என்றால், லாட் திரும்பி வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாளைக்கே அவரை நேராக உங்களுக்குக் கீழே கொண்டுவாருங்கள். "இந்த லாட் போகாது" என்று அவர் சொன்னால் உற்பத்திப் பிரிவில் யாரும் அதை மாற்றக் கூடாது. சூப்பர்வைசர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் குழுக்களிடம் விட்டால், அதிகம் சத்தம் போடும் குழுதான் பாறையைப் பிடிக்கும்.

இப்போது அப்பாவிடம் வருவோம், உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான். 1910இல் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த அதிர்ச்சியில் அந்நாட்டு வனத்துறை எந்தத் தீயையும் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தது. 1935இல் விதியாகவே போட்டார்கள்: எங்கே தீயைக் கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அது கட்டுக்குள் வந்தாக வேண்டும். பல வருடம் இது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஆனால் மேற்கு மாநிலங்களின் பாண்டரோசா பைன் காடுகளில் அதற்கு முன்பு சில வருடங்களுக்கு ஒருமுறை சின்னத் தீ தரையோடு ஓடும். காய்ந்த ஊசியிலைகளையும் புல்லையும் எரித்துவிட்டுப் போகும். பெரிய மரங்களின் தடித்த பட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்தத் தீயையும் அணைத்ததில் சருகு சேர்ந்தது, கன்றுகள் நெருக்கமாக முளைத்து நின்றன. பிறகு பிடித்த தீ அந்தக் கன்றுகள் வழியாக மேலே ஏறி, பெரிய மரங்களின் உச்சியையே பிடித்தது. 1970களில் அந்த விதியைக் கைவிட்டார்கள். சேர்ந்துபோன சருகோடு இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவின் கேபின்தான் அந்த 10 மணி விதி. நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் டூல் தேய்மானம், ஓவர்டைம் கணக்கு, இரவு ஷிஃப்ட் மெஷினைத் துடைக்காமல் போவது என்று எல்லாமே பேச்சாக வெளிவரும் முன்பே அணைந்துபோயின. அந்த மூன்று ஆபரேட்டர்களைத் தண்டிக்காதீர்கள். வாய் திறந்தால் கேபினுக்குப் போக வேண்டிவரும் என்று கற்றுக்கொடுத்தது நீங்கள்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் எரியவிடலாமா? இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோளகர் பழங்குடியினர் கோடை முற்றுவதற்கு முன்பே, ஈரம் முழுவதும் போகாத பருவத்தில், சருகுக்குத் தீ வைப்பார்கள். தரையோடு மெதுவாக ஓடும் தீ அது. 1974இல் அந்தக் காடு சரணாலயமான பிறகு அதற்குத் தடை வந்தது. உண்ணிச்செடி புதர் புதராக மண்டியதற்கும், நெல்லி மரங்களில் புல்லுருவி கூடியதற்கும் அந்தத் தடை ஒரு காரணம் என்கிறார்கள் சோளகர்கள். அங்கே வேலை செய்த ஆய்வாளர்களும் இதை ஆதரித்து எழுதியிருக்கிறார்கள். தானாகப் பிடிக்கட்டும் என்று சோளகர்கள் காத்திருக்கவில்லை, சித்திரை வெயிலில் கொளுத்தவும் இல்லை. காலமும் இடமும் பார்த்து, தெரிந்தவர்கள் கையால் வைத்த தீ.

உங்களுக்கு அது ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம். கேபினில் வேண்டாம், மெஷின் பக்கத்திலேயே. போகிறவரும் வருகிறவரும் சூப்பர்வைசரும் நின்று, இன்றைக்கு எது சரியில்லை என்று பேசட்டும். குரல் கொஞ்சம் உயர்ந்தால் உயரட்டும். டொயோட்டா தொழிற்சாலைகளில் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து லைனில் கோளாறு என்று சொல்லலாம். சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிறு வாங்குவது சுலபம், இழுத்தவனை யாரும் முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். முதலில் ஒருவர் டூல் தேய்ந்துவிட்டது என்று மெஷினை நிறுத்தும்போது எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் அங்கேயே, அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

சாதியைச் சொல்லித் திட்டுவது, பெண்களிடம் அத்துமீறுவது போன்றவை இந்தக் கணக்கில் வராது. அவற்றைப் பேசித் தீரட்டும் என்று விடவே கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்களிடம் இருக்கிறதா? இன்னொன்று, காட்டுக்கு எந்த மரம் விழுந்தாலும் கவலையில்லை. விழுகிற ஆளுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிறது. பயிற்சியாளரின் உவமை அங்கேயே நின்றுவிடுகிறது.

அப்பாவிடம் அவர் செய்தது தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நிபந்தனை, அவர் கேட்கலாம், பேசக் கூடாது. முதல் வாரம் அவருக்குச் சிரமமாக இருக்கும். அப்புறம், வருடக் கடைசி டெலிவரி நெருக்கும் மார்ச்சில் இதைத் தொடங்க வேண்டாம். ஆர்டர் குறைவாக இருக்கும் ஒரு மாதம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதில் வையுங்கள். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் விஷயம் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.