சப்ளையராக இருந்து உணவக மேலாளர் ஆகியிருக்கிறேன். ஆட்கள் நிற்பதில்லை, பழைய கூட்டாளிகள் சொன்னதைக் கேட்பதில்லை. மனிதவளம், தலைமைப்பண்பு என்று ஏதாவது படிக்க வேண்டுமா?

படிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் கணிப்பு. கோவையிலும் திருப்பூரிலும் சைவ உணவகங்களில் மேலாளராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் வார ஓய்வு அட்டவணை, அட்வான்ஸ் நோட்டு, டிப்ஸ் டப்பா மூன்றையும் கையில் எடுங்கள். இவற்றில் ஓரவஞ்சனை நடக்கிறது என்று ஊழியர்கள் நினைக்கும்வரை நீங்கள் என்ன இனிமையாகப் பேசினாலும் எடுபடாது.

வார ஓய்வில்தான் பழைய கூட்டாளிகள் உங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். "நாளை ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளப்பா, வீட்டில் விசேஷம்" என்று தோளில் கை போட்டுக் கேட்பார்கள். முடியாது என்று மட்டும் சொன்னால் பகை, சரி என்றால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் கடைப்பிடித்த வழி எளிமையானது. அடுத்த வாரத்துக்கான ஓய்வு அட்டவணையைச் சனிக்கிழமை மாலைக்குள் ஸ்டோர் ரூம் சுவரில் ஒட்டிவிடுவேன், தமிழிலும் இந்தியிலும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஓய்வு கொடுக்க முடியாது என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை சுழற்சி. நாள் மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ள ஆளைப் பிடித்து இருவரும் சேர்ந்து வர வேண்டும். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். கூட்டாளிக்கும் இதே விதி என்று இரண்டு வாரம் நடந்துவிட்டால் தோளில் கை போடுவது நின்றுவிடும்.

வேலை நேரத்தையும் அப்படியே தாளில் எழுதிப் பாருங்கள். காலை ஆறு முதல் பதினொன்று, பிறகு மாலை நான்கு முதல் பத்தரை என்று இரண்டாகப் பிரித்த ஷிப்ட் நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை மணி நேரம் வருகிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் சொல்வதை அது எங்கேயோ தாண்டிவிடுகிறது. ஒரே நாளில் இதை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் மதியம் படுக்க ஓர் இடமும் ஒரு மின்விசிறியும் ஏற்பாடு செய்ய முடியும். மதியம் கண்ணை மூடாத ஆள் இரவு ஒன்பது மணிக்குத் தட்டைப் போட்டு உடைப்பான். அதற்கு அபராதம் போடும் மேலாளர்களை என்னவென்று சொல்வது!

அடுத்தது அட்வான்ஸ். ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணம், ஊர்த் திருவிழா, தங்கை கல்யாணம், வட்டிக்காரர் நெருக்கடி என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். நோட்டில் தேதி, தொகை, மாதம் எவ்வளவு பிடித்தம், அவருடைய கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையிலும் கொடுங்கள். பெரிய அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் ஓடமாட்டான் என்று நம்பும் முதலாளிகள் உண்டு. நான் பார்த்தவரை, இரவோடு இரவாகப் பெட்டி கட்டியவர்களில் பெரும்பாலோர் அடைக்க முடியாத அளவுக்குக் கடன்பட்டவர்கள்தான். அரை மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய தேவை என்றால் முதலாளியிடம் அவரையே அழைத்துப் போய்ப் பேச வையுங்கள்.

ஓடிவிடுவான் என்று பயந்து பதினைந்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, வேலையை விட்டு விலகுபவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், தொழில் கணக்காகவே பாருங்கள். நம் கடைகளுக்கு ஆள் வருவது விளம்பரத்தைப் பார்த்தா? ஏற்கெனவே இருப்பவர் தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூட்டிவருகிறார். கணக்கு முடிக்காமல் அலைக்கழிக்கப்பட்டுப் போனவர் தன் ஊரிலிருந்து இனி ஒருவரையும் இங்கே வர விடமாட்டார்.

டிப்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைபேசியில் பணம் செலுத்துவது வந்த பிறகு தட்டில் விழும் சில்லறை குறைந்துவிட்டது, அதனால் சண்டை கூடிவிட்டது. பொது டப்பா வையுங்கள், வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் எண்ணுங்கள், சமையலறைக்கும் மேசை துடைப்பவருக்கும் பங்கு கொடுங்கள். அதற்குப் பதிலாகப் பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

இனித் தலைமைப்பண்பு என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது தெரியும் இடம் ஞாயிறு இரவு எட்டரை மணி, தோசைக்கல் முன்னால். டோக்கன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாசலில் பார்சலுக்கு ஆறு பேர். குடும்ப அறையில் குழந்தை அழுகிறது. சப்ளையர் கல்லைப் பார்த்து, "மாஸ்டர், நெய் ரோஸ்ட் கேட்டு இருபது நிமிடம் ஆகிறது, தூங்குகிறீர்களா?" என்று கத்துகிறார். மாஸ்டர் பதில் பேசமாட்டார். அந்த சப்ளையரின் டோக்கனை மட்டும் அடியில் செருகிவிட்டு அடுத்தவருடையதை ஊற்றுவார். இந்தப் பழிவாங்கல் எல்லாச் சமையலறைகளிலும் உண்டு. நீங்களே சப்ளையராக அனுபவித்திருப்பீர்கள்.

அந்த நேரத்தில் யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கக் கூடாது. கல்லாவை விட்டு எழுந்து போய்க் கல்லுக்கும் சப்ளையருக்கும் நடுவில் நில்லுங்கள். டோக்கன்களை வாங்கி நேர வரிசையில் அடுக்குங்கள். இனி ஆர்டரைச் சத்தமாகச் சொல்லும் குரல் உங்களுடையது மட்டும். போர்டில் ஆனியன் ரவாவை அழித்துவிடுங்கள். ரவா வேகும் நேரத்தில் சாதா தோசை இரண்டு எடுத்துவிடலாம், கல்லில் இடம் அடைத்துக்கொண்டு கிடப்பது அதுதான். சப்ளையரை மேசைக்கு அனுப்பி, "ரோஸ்ட் வரப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் இட்லி கொண்டுவரட்டுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். உண்மையான நேரத்தைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அப்படியும் ஒருவர் எழுந்து சப்ளையரைத் திட்டினால் நீங்கள் போய்ச் சப்ளையர் பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் எதிரிலேயே சப்ளையரைத் திட்டும் மேலாளரை ஊழியர்கள் மன்னிப்பதே இல்லை. ஷட்டர் இறங்கிய பிறகு மாஸ்டரிடம் தனியாக, சப்ளையரிடம் தனியாகப் பேசுங்கள். இருவரையும் நிற்கவைத்துப் பஞ்சாயத்து செய்தால் இருவருமே ஜெயிக்கத்தான் பார்ப்பார்கள்.

மாஸ்டர்களைப் பற்றி இன்னொன்று. சாம்பார் முதலானவற்றைச் சமைக்கும் சரக்கு மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனால் தனியாகப் போகமாட்டார், கூட்டிவந்த ஆட்களையும் அழைத்துக்கொண்டுதான் போவார். மறுநாள் காலை சாம்பார் வைக்க ஆள் இருக்காது. அதற்காக அவருக்குத் தெரியாமல் இன்னொருவரைப் பழக்கினால் தெரிந்த அன்றே கிளம்பிவிடுவார். இரண்டாம் கையை, அதாவது தனக்கு அடுத்த ஆளைப் பழக்குவதற்கென்றே அவருக்கு மாதம் ஒரு தொகை கூட்டிக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். சரக்கு லிஸ்ட் போடும்போது அவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். துவரம்பருப்பு இந்த முறை சரியாக வேகவில்லை என்று அவர் சொன்னால் மளிகைக்காரரிடம் அவர் முன்னாலேயே போன் போட்டுப் பேசுங்கள். சம்பளத்துக்கு அடுத்தபடி மாஸ்டர்கள் எதிர்பார்ப்பது இந்த மரியாதையைத்தான்.

உங்களிடம் பீகார், ஒடிசா, அசாம், நேபாளப் பையன்கள் இருப்பார்கள். பெயர் சொல்லி அழையுங்கள், "ஏய் பாய்" வேண்டாம். நாள் முழுக்கச் சோறும் ரசமும் சாப்பிடச் சொல்லாமல் ஒருவேளையாவது ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவர்களே செய்துகொள்ள விடுங்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை வரும், பீகார்க்காரர்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. ஹோலி இன்னொன்று. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், யார் எந்தப் பண்டிகைக்குப் போகிறார்கள் என்ற பட்டியலும் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தும் பயம் போகவில்லை, ஹோலியும் அதே வாரத்தில் வந்தது. "அம்மா அழுகிறாள் சார்" என்று ஒரு பையன் கைபேசியை நீட்டினான். அந்த அம்மாவிடம் என் அரைகுறை இந்தியில் பேசினேன், பையன் கைபேசியைத் திருப்பிச் சமையலறையையும் தங்கும் அறையையும் காட்டினான். அறை சுத்தமாக இருந்ததால் காட்ட முடிந்தது. அவன் போகவில்லை.

காகித வேலையை ஆடிட்டர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். கொதிக்கும் எண்ணெய் கையில் பட்ட இரவில்தான் அந்த அட்டையின் அருமை தெரியும். காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் பெண்கள் இருந்தால் உடை மாற்றத் தாழ்ப்பாள் போட்ட அறை கட்டாயம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழுவும் சட்டப்படி கட்டாயம், நம் தொழிலில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

படிப்பு என்றால், சென்னை தரமணியிலும் திருச்சி அருகே துவாக்குடியிலும் அரசு உணவக மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேரும் நிலையில் நீங்கள் இல்லை. இப்போதைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மேற்பார்வையாளர் பயிற்சியை முடித்துவிடுங்கள். 25 உணவு கையாளுபவர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பதால் முதலாளியே அனுப்பிவைப்பார்.

அதைவிட அவசரம், முதலாளியிடம் பேசுவது. ஆள் எடுப்பது, ஓய்வு நாள் கொடுப்பது, ஒரு தொகை வரை அட்வான்ஸ் கொடுப்பது, இந்த மூன்றிலும் உங்கள் முடிவே முடிவு என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். நீங்கள் மறுத்த லீவைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் மைத்துனர் கொடுத்துவிட்டால் மறுநாள் முதல் உங்களிடம் யாரும் லீவு கேட்கமாட்டார்கள். மைத்துனரைப் பற்றிய பேச்சு என்பதால் கல்லாவில் வைத்துப் பேசாதீர்கள். கடையில் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முதலாளி சாப்பிட்டு முடித்த பிறகு, தனியாகப் போய்ப் பேசுங்கள்.